மூடாத ஐம்பத்தேழு டேப்புகள்

சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் ஆன்லைன் சென்டர் வைத்திருந்த தபிதா, கம்ப்யூட்டரை யாரிடமும் போய்ப் படித்தவள் அல்ல. டைப்ரைட்டிங் பழகிய விரல்கள் இருந்தன. ஒவ்வொரு அரசாங்கத் தளத்தையும் நூறு தடவை தப்பாக அமுக்கிப் பார்க்கிற பொறுமை இருந்தது. பதினான்கு வருடமாக ஆதார் திருத்தம், வருமானச் சான்றிதழ், ஹால் டிக்கெட் என்று ஊரின் பாதிக் காகிதம் அவள் கை வழியாகத்தான் போயிற்று. ஓர் எழுத்துகூடத் தப்பியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவளிடம் ஒரு பழக்கம்: ஒருமுறை திறந்த பக்கத்தை மூடவே மாட்டாள். "மூடிட்டா மறுபடி தொறக்க ஒரு மணி நேரம் ஆவும். சர்வரு தூங்கிப்பூடும்" என்பாள். காலையில் பத்து டேப் இருந்தால் சாயங்காலம் ஐம்பதைத் தாண்டும். திரையின் மேல்வரிசையில் எல்லாம் நகக்கண் அளவுக்குச் சுருங்கி, எதிலும் பெயர் தெரியாது. இடமிருந்து ஒன்பதாவது ஆதார், முப்பதாவது பென்ஷன் என்று இடத்தை வைத்தே பிடிப்பாள்.

பக்கத்து ஜெராக்ஸ் கடை மணிவேல் தினமும் எட்டிப் பார்த்துக் கேட்பார்: "இன்னா தபிதாம்மா, இன்னிக்கு எத்தினி குட்டி போட்டுக்குது?"

"உன் மிஷின்ல பேப்பர் சிக்கிக்கினுக்குது, போய் எடு."

என்ஜினீயரிங் கவுன்சிலிங்கில் கல்லூரிகளை வரிசைப்படுத்திப் பதிய அன்றுதான் கடைசி நாள். மாலை ஆறு மணிக்குப் பக்கம் மூடிவிடும். கார்வேட்டிநகரத்திலிருந்து அம்சவேணி தன் மகள் நளினியோடு இரண்டு மணிக்கே வந்துவிட்டாள். அவர்களுக்கு வேண்டியது திருப்பதிக் கல்லூரிகள் மட்டும்.

"காலையில பஸ் ஏறி சாயங்காலம் வூட்டுக்கு வந்துடணும்னு இவ நைனா சொல்லிட்டாரு. ஹாஸ்டல்னா படிப்பே வேணாவாம்" என்றாள் அம்சவேணி.

தபிதா நளினியின் பெயரில் கவுன்சிலிங் தளத்துக்குள் போனாள். எந்தக் கல்லூரி முதலில் என்று அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, நகரியிலிருந்து யஸ்வந்த் என்ற பையன் வந்தான். நாற்பது கல்லூரியைக் கோட் நம்பரோடு எழுதியே கொண்டுவந்திருந்தான். நளினியின் டேப் அப்படியே கிடக்க, அதே தளத்தை இன்னொரு டேப்பில் திறந்து அவன் வேலையை முடித்தாள். பிரின்ட் கொடுத்து மூன்றரை மணி பஸ்ஸுக்கு அனுப்பினாள். அந்த டேப்பையும் வழக்கம்போல மூடவில்லை. பிறகு அடுத்தடுத்து ஆட்கள்; நளினியின் அப்பா வரிசையை முடிவுசெய்து சொல்லவும் நேரமாயிற்று. ஐந்தரைக்குத்தான் நளினியின் டேப்புக்குத் திரும்பி, பன்னிரண்டு கல்லூரியை ஏற்றி, சேவ் அமுக்கி, பிரின்ட் எடுத்து நீட்டினாள்.

நளினி காகிதத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

"அக்கா, காலேஜெல்லாம் என்துதான். மேல யஸ்வந்த்துன்னு போட்டுக்குது."

தபிதா சிரிக்கப் பார்த்தாள். காகிதத்தை வாங்கி ஒருமுறை படித்தாள். மறுபடி படித்தாள். ஒரே தளத்தை இரண்டு டேப்பில் திறந்தால், எந்த டேப்பில் அமுக்கினாலும் கடைசியாக உள்ளே போனவர் பெயரில்தான் சேரும். அது அவளுக்குத் தெரியாத விஷயம் அல்ல. ஐம்பத்தேழு டேப்புக்கு நடுவில் மறந்துபோன விஷயம். நளினியின் பட்டியலில் இப்போது ஒரு வரிகூட இல்லை. யஸ்வந்த்தின் நாற்பதும் அழிந்து, அவனுக்குச் சம்பந்தமே இல்லாத நளினியின் பன்னிரண்டு அங்கே உட்கார்ந்திருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?" என்றாள் அம்சவேணி.

"கெடுத்துட்டேங்க்கா. ரெண்டு பேர்துமே நான் கெடுத்துட்டேன்."

ஐந்து முப்பத்தாறு. கம்ப்யூட்டர் ஒன்றுதான். நளினியின் போனில் அந்தத் தளம் பாதிப் பக்கத்தோடு நின்றது. தபிதா மொத்த டேப்புகளையும் மூடினாள். யாருடையவோ பாதி நிரப்பிய பென்ஷன் மனுவும் அதோடு போயிற்று.

நளினியின் பக்கம் திறக்கிற நேரத்தில் யஸ்வந்த்துக்குப் போன் போட்டாள். பஸ் புத்தூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"தம்பி, உன் லிஸ்ட் என்னால அழிஞ்சிப்பூச்சு. பிரின்ட்டை போட்டோ எடுத்து அனுப்பு. ஓடிபி வந்தா ஒடனே சொல்லு."

"அக்கா... வெளையாடுறீங்களா?"

"இல்லப்பா."

இரண்டு நிமிஷத்தில் அவள் போனுக்கு பிரின்ட்டின் போட்டோ வந்து சேர்ந்தது.

நளினியின் பன்னிரண்டும் ஏறின. "பேரு சொல்லு கண்ணு, உரக்கச் சொல்லு" என்று திரையில் விரலை வைத்துச் சரிபார்த்த பிறகே சேவ் கொடுத்தாள். லாக்-அவுட் பண்ணி, அந்த டேப்பை மூடி, யஸ்வந்த்துக்காகப் புதிதாகத் திறந்தாள். ஐந்து நாற்பத்தெட்டு. ஓடிபி வரவில்லை. அவனுக்கு சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைத்தது. ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ஆறு எண்களும் வந்தன. போட்டோவைப் பார்த்து நளினி கோட் நம்பரைச் சொல்லச் சொல்ல, தபிதா ஏற்றினாள். அம்சவேணி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்பத்தெட்டும்மா!"

"அக்கா, இருவத்தாறுதான் ஆயிக்குது. இன்னும் பதினாலு."

"போதும். பேரு?"

"யஸ்வந்த்."

சேவ். சக்கரம் சுற்றிச் சுற்றி, பதிவானது என்று வந்தது. அடுத்த கல்லூரியை ஏற்றப் போனபோது பக்கம் மூடிவிட்டது.

மணிவேல் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, மிஷினு கெட்டுப்பூச்சா? ஒரே ஒரு குட்டிதான் நிக்குது!"

தபிதா போட்டோவில் ஏறாமல் விட்டுப்போன பதினான்கையும் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

இடம் ஒதுக்கிய அன்று நளினிக்குத் திருப்பதியில் கிடைத்தது. அம்சவேணி போனிலேயே அழுதாள். யஸ்வந்த் சாயங்காலம் பேசினான்.

"கெடச்சிடுச்சுக்கா! திருப்பதியிலயே."

"உன் லிஸ்ட்ல எத்தினாவதுப்பா அது?"

"இருவத்தி நாலு."

இருபத்தாறில் நிறுத்தியிருந்தாள். இன்னும் மூன்று குறைந்திருந்தால் அந்தக் கல்லூரி ஏறியே இருக்காது.

"சீட் கெடச்ச ஆர்டரை ஒரு பிரின்ட் எடுத்து வைங்கக்கா."

"இரு தம்பி" என்றாள். அப்போதுதான் ஒரு கிழவருக்கு முடித்துக் கொடுத்த டேப் திரையில் நின்றது. முதலில் அதை மூடினாள்.