பாதித்தாலி ஹரியின் தண்ணீர்ப் பெட்டி

திருவனந்தபுரம் கரமனை ஹரிகுமாரின் கம்ப்யூட்டர் ஒரு பெரிய டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் அது அடங்க வேண்டும். அடங்காவிட்டால் அவருக்குத் தொழில் இல்லை. காலையில் நடந்த முகூர்த்தத்தை மாலை ரிசப்ஷனுக்குள் நாலு நிமிஷப் படமாக வெட்டி, மண்டபத்துத் திரையில் ஓட்டிக் காட்டுவதுதான் அந்தத் தொழில். உட்கார்ந்து வெட்டுவதற்கு மண்டபக்காரர்கள் கொடுக்கும் இடம் எப்போதும் சமையல்கட்டை ஒட்டிய ஸ்டோர் ரூம். ஒரு பக்கம் வாழைக்குலை, மறு பக்கம் தேங்காய் மூட்டை.

பி.காம். முடித்து ஆடிட்டர் ஆபீசுக்குப் போயிருக்க வேண்டியவர். அண்ணன் கல்யாண வீடியோவைப் பார்த்துவிட்டு, “இதை நான் இன்னும் நல்லா வெட்டுவேன்” என்று சபையில் சொல்லித் தொலைத்தார். வெட்டு என்று கொடுத்துவிட்டார்கள்.

சின்னப் பெட்டி சீக்கிரம் சூடாகும். சுவருக்கு அந்தப் பக்கம் பாயச உருளி கொதித்தால் இன்னும் சீக்கிரம். போன ஆவணியில் ஒரு ரிசப்ஷன். மாப்பிள்ளையின் கை தாலியோடு பெண்ணின் கழுத்தை நெருங்குகிறது. பெட்டிக்குள் விசிறி மிக்ஸி மாதிரி அலறுகிறது. அப்படியே அணைந்து போயிற்று. திரை முழுக்க இருட்டு.

மாப்பிள்ளையின் அத்தை உலகம்மாள் திருநெல்வேலிக் குரலில் கேட்டாள்: “ஏல, கட்டுனானா இல்லியா?”

அன்றிலிருந்து அவர் பாதித்தாலி ஹரி. சாலைக் கடைவீதியில் கறிவேப்பிலை விற்கிறவர்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் நலம் விசாரித்தார்.

விசிறியை நம்பியது போதும் என்று ஹரி பெட்டிக்குள் தண்ணீர் ஓடவிட ஏற்பாடு செய்தார். கட்டைவிரல் அளவு பம்பு, ஊறுகாய்ப் பாட்டில் மாதிரி ஒரு தொட்டி, கண்ணாடிபோல் தெளிந்த குழாய்கள். தண்ணீர் சிப்பின் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும், ஆறித் திரும்பி வரும் என்று மனைவி ஸ்ரீப்ரியாவுக்கு விளக்கினார்.

“காருக்கில்லா ரேடியேட்டர் உண்டும்?”

“இதுக்கும் உண்டு.”

“அப்போ ஒரு ஹாரனும் வச்சிருங்க. அடுத்த தடவை நிக்கதுக்கு முன்ன அடிக்கட்டும்.”

பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீரை வாங்கி நிரப்பினார். ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை. “செத்துப் போச்சா?” என்று ஸ்ரீப்ரியா அடிக்கடி எட்டிப் பார்த்தாள்.

அந்தச் சமயம் பார்த்து உலகம்மாளின் மகள் பத்மப்ரியாவுக்குக் கரமனை மாப்பிள்ளையோடு கல்யாணம் நிச்சயமானது. நின்ற வரைக்கும் அந்தப் படம் அழகுதான், ஹரிதான் எடுக்க வேண்டும் என்று பெண் அடம்பிடித்தாள். உலகம்மாள் போனில் ஹரியிடம் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள்: “எம் மவ தாலியும் பாதியில நின்னுச்சுன்னா, ஒம் பெட்டிய கரமனையாத்துல தூக்கிப் போட்டுருவேன். பார்த்துக்கோ.”

கல்யாணத்தன்று மண்டபத்து ஸ்டோர் ரூமில் பெட்டியைத் திறந்த ஹரிக்கு வியர்த்தது. வழியெல்லாம் குண்டு குழி. ஒரு குழாய் தளர்ந்து, தொட்டியில் பாதித் தண்ணீர் ஒழுகியிருந்தது. பாதி என்ற சொல்லே அவருக்கு ஆகாது. குழாயை முறுக்கி, ஈரத்தைத் துடைத்தார். மிச்சத் தண்ணீர்ப் பாட்டில் வீட்டில் இருந்தது.

“ஆன்சா, ஓடு! நல்ல சுத்தமான வெள்ளம் வேணும். பைப்பு வெள்ளம் ஆகாது.”

கேமராக்காரன் ஆன்சன் பந்திப் பக்கம் ஓடி ஒரு ஜக்கோடு வந்தான்.

“திளப்பிச்சதாடே?” கொதிக்க வைத்ததுதானா என்று ஹரி உறுதிப்படுத்திக்கொண்டார்.

“பின்னே! பந்தியில விளம்புற வெள்ளமாக்கும் சேட்டா.”

ஹரி முதலில் ஒரு தம்ளர் குடித்தார். மீதியைத் தொட்டியில் ஊற்றினார்.

திருவனந்தபுரத்தில் குடிக்கிற தண்ணீரைப் பதிமுகக் கட்டைச் சீவல் போட்டுக் கொதிக்க வைப்பார்கள். தண்ணீர் நல்ல ரோஸ் நிறமாகிவிடும். பிறந்ததிலிருந்து அதையே குடிக்கிறவர்கள் கண்ணுக்கு அது நிறமாகவே படாது. கொதித்தாயிற்று, வடிகட்டியாயிற்று, அப்புறம் என்ன? கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்தது மட்டும்தான் ஹரிக்கு உறுத்தியது. ஆறிவிடும் என்று மூடியைத் திருகினார்.

மாலையில், காற்றுப் படட்டும் என்று பெட்டியைத் திறந்தபடியே மேடைக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்துப் படத்தை ஓடவிட்டார். உலகம்மாள் பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டிக்கு அருகிலேயே வந்து நின்றாள். ஆற்றுக்கு வழி தெரிந்துவைத்திருந்த முகம்.

நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனது. கெட்டிமேளம். மாப்பிள்ளை தாலியை எடுத்தான். பெட்டி மூச்சுக்கூட விடவில்லை. ஹரிக்குத்தான் மூச்சு முட்டியது. மேடை விளக்கின் வெளிச்சம் குழாய்கள் மேல் விழுந்தது.

“எம்மா! ரத்தம் ஓடுது! பொட்டிக்குள்ள ரத்தம் ஓடுது!” உலகம்மாள் நெஞ்சில் கை வைத்து அலறினாள்.

மண்டபம் மொத்தமும் திரும்பிப் பெட்டியைப் பார்த்தது. பின்வரிசை நாற்காலிமேல் ஏறிப் பார்த்தது. ஹரியும் பார்த்தார். அவர்கள் எல்லாருடைய முதுகுக்கும் பின்னால், திரையில், தாலி மிக அழகாகக் கட்டி முடிந்தது.

“என்னல ஊத்தியிருக்க?”

“வெள்ளம்தான் அத்தே.”

“தண்ணி செவப்பாவா இருக்கும்?”

மாப்பிள்ளை வீடு பார்க்க வந்த நாள்முதல் இந்த ஊரில் அடைத்த பாட்டில் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீரைத் தொடாதவள் அவள். மாப்பிள்ளை வீட்டுக் கரமனைக்காரர்களோ, பாவம் இந்த அம்மாளுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். ஒரு மாமா நிதானமாகக் கேட்டார்: “பின்ன எந்த நெறத்துல இருக்கணும்?”

ஆன்சன் ஜக்கைக் கொண்டுவந்து காட்டினான். அந்த மாமா அதிலிருந்தே ஒரு தம்ளர் ஊற்றிக் குடித்துக் காட்டினார். உலகம்மாளின் நெஞ்சிலிருந்து கை இறங்கியது. திரையைப் பார்த்தாள். அங்கே மணமக்கள் எல்லாம் முடிந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

“கட்டியாச்சா?”

யாருக்கும் தெரியவில்லை. “கட்டியாச்சு அத்தே, சத்தியமா” என்றார் ஹரி.

“நான் பாக்கல. முதல்லேருந்து போடு.”

போட்டார். பெட்டி பதிமுகம் குடித்துக்கொண்டு குளுகுளுவென்று ஓடியது. இந்த முறை மண்டபமே ஒவ்வொரு முடிச்சையும் உரக்க எண்ணியது. “ம், கெட்டியாத்தான் போட்டிருக்கான்” என்று சொல்லிவிட்டு உலகம்மாள் பந்திக்குப் போனாள்.

மறுநாள் காலை ஹரி குழாய்களைக் கழற்றிக் கழுவினார். சாயம் போகவில்லை. ஸ்ரீப்ரியா கையில் காய்கறிப் பையோடு உள்ளே வந்தாள்.

“கடைவீதியில விசாரிச்சாங்க, ரெண்டுதாலி ஹரி சுகமான்னு.”

ஹரி குழாயைக் கீழே வைத்தார்.

“மூஞ்சியத் தூக்காதீங்க” என்றாள் அவள். “பாதியிலேருந்து ரெண்டு. ஒரே வருஷத்துல இவ்வளவு புரமோஷன் ஆடிட்டர் ஆபீசுல கிட்டுமா?”