ரெண்டும் மருந்துதானே!

விளாத்திகுளம் பக்கம் கரிசல் காட்டில் மானாவாரியாக உளுந்து போடுகிறோம். உரக்கடையில் எதை வாங்கினாலும் எங்கள் ஊரில் அதற்குப் பெயர் மருந்துதான். அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது.

போன புரட்டாசியில் என் வீட்டுக்காரர் விதையில் கலக்க இரண்டு பாக்கெட் வாங்கி வந்தார். ஒன்று பூஞ்சாணக்கொல்லி. இன்னொன்று கரித்தூள் மாதிரி இருந்த ரைசோபியம் உயிர் உரம். "ரெண்டும் மருந்துதானே" என்று இரண்டையும் ஒரே சட்டியில் ஆறின கஞ்சி விட்டு விதையோடு பிசைந்தேன்.

பயிர் வெளிறிப்போய் நின்றது. எனக்கா வாய் சும்மா இருக்கும்? "கரித்தூள வித்து ஏமாத்துதாங்க" என்று ஊரெல்லாம் சொன்னேன். அதைக் கேட்டு, பிந்தி விதைத்த என் வீட்டுக்காரரின் அக்கா, தன் உயிர் உரத்தைக் குப்பையில் கொட்டிவிட்டார். அவர் காடும் வெளிறியது.

வேளாண்மை ஆபீஸர் வந்து என் செடியைப் பிடுங்கிப் பார்த்தார். வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை.

"வேர்ல முடிச்சு போட்டு, காத்துல இருக்க தழைச்சத்தப் பிடிச்சுக் குடுக்குற நல்ல கிருமிம்மா அந்தக் கரித்தூள்ல இருந்தது. பூஞ்சாண மருந்தோட பிசைஞ்சு நீங்களே கொன்னுட்டியளே!" என்றார்.

இந்த வருசம் பூஞ்சாணக்கொல்லியை முதலில் கலந்து, ஒரு நாள் விட்டுத்தான் உயிர் உரம் கலந்தேன். வீட்டுக்காரரின் அக்கா விதைப்பதற்கு முன்னால் ஒரு பாக்கெட்டோடு அவர் வீட்டுக்குப் போனேன்.

"தப்பு என் மேலதான் மதினி. இத நம்பிப் போடுங்க."

அவர் கையை நீட்டவே இல்லை.

"ஒன் பேச்சக் கேட்டுதான ஒரு தடவ கொட்டுனேன். இனி நீ நல்லது சொன்னாலும் எனக்கு வேண்டாம்."