ஒரு கிலோ கேட்டால் நாலு கிலோ மத்தி

கம்ப்யூட்டர் சர்வர் பக்கம் வேலை பார்ப்பவர்களே, ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் அடித்தால் நீங்களும் முதலில் லேப்டாப்பைத்தான் தேடுவீர்களா? நான் தேடுவேன்.

பிளஸ் டூ முடித்ததும் காலேஜ் வேண்டாமென்று கொச்சி மட்டாஞ்சேரியில், மிளகுக் கிடங்குக்கு மேல் மாடியில் இருக்கும் சின்ன ஆபீஸில் சேர்ந்தேன். ஆபீஸ் என்றால் நானும் சீனியர் ஷீபா சேச்சியும்தான். எங்கள் ஒரே கஸ்டமர் தோப்பும்படி மீன் வியாபாரி ஜோசப் சேட்டன். வீட்டுக்கு மீன் அனுப்பும் அவருடைய ஆப்பில் ஆர்டர், ஸ்டாக், லேபிள் எல்லாம் தனித்தனி சர்வீஸ், அதாவது தனித்தனியாக ஓடும் புரோகிராம். எது படுத்தது என்று தேடவே அரை நாள் போகும். அதனால் இவற்றுக்கிடையே நடக்கும் பேச்சையெல்லாம் கண்காணிக்கும் சர்வீஸ் மெஷ் போட்டோம். ஒவ்வொரு சர்வீஸுக்குப் பக்கத்திலும் ப்ராக்ஸி என்று ஒரு காவல்காரன். போக்குவரத்து எல்லாம் அவன் வழியாகத்தான். "ஒரு மாசம் பாப்பேன், தொல்லை கொடுத்தா பழையபடி போன்லயே ஆர்டர் எடுத்துக்குவேன்" என்றார் சேட்டன். அவர் போனால் அடுத்துப் போவது என் வேலை.

பூனைக்குச் சம்மதம்

பதில் வராவிட்டால் மூன்று முறை மறுபடி அனுப்பு என்று காவல்காரனுக்குச் சொல்லிவைத்தேன். ஸ்டாக் பார்ப்பதற்கு அது சரி. நான் ஆர்டருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். ஆர்டர் ஏறியிருக்கும், பதில்தான் மெதுவாக வரும்; அவனுக்கு என்ன தெரியும், திரும்பத் திரும்ப அனுப்பினான். பள்ளுருத்தியில் ஒரு கிலோ மத்தி கேட்ட அக்காவுக்கு நாலு கிலோ போய்ச் சேர்ந்தது. தப்பு என்னுடையது என்று போனில் நேராகவே சொன்னேன்.

"வீட்ல நானும் பூனையும்தான் பாப்பா. பூனைக்குச் சம்மதம், எனக்குத்தான் விளக்கம் வேணும்."

வாசலில் நின்ற வீட்டுக்காரன்

அடையாளம் காட்டாத சர்வீஸோடு யாரும் பேசக்கூடாது என்று மெஷ்ஷில் கண்டிப்பு வைக்கலாம். "முதல்ல தளர்வா விடு. யார்கிட்ட அடையாளம் இல்லைன்னு பாத்துட்டு அப்புறம் இறுக்கு" என்றார் சேச்சி. எனக்கு ஏது பொறுமை? ஒரே அடியாக இறுக்கினேன். சேட்டன் கிடங்கில் பழைய கம்ப்யூட்டரில் ஓடும் லேபிள் சர்வீஸுக்குக் காவல்காரனே போடவில்லை. அது விலாசம் கேட்டால் ஒருத்தரும் பதில் சொல்லவில்லை. நான் தளர்த்துவதற்குள் முப்பது பொட்டலம் விலாசமில்லாமல் ஐஸில் கிடந்தது.

"திருடன உள்ள விடாதேன்னா, வீட்டுக்காரனையே வாசல்ல நிறுத்திட்டியே மோளே! இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா எனக்கு என் போனே போதும்" என்றார் சேட்டன்.

நூறில் ஐந்து

சேட்டன் கெடு வைத்த மாதத்தின் கடைசி ஞாயிறு. ஸ்டாக் சர்வீஸின் புதுப் பதிப்பை ஏற்ற வேண்டும். இந்த முறை, நூறில் ஐந்து பேரை மட்டும் புதுசுக்கு அனுப்பு, மிச்சப் பேர் பழசுக்கே என்று மெஷ்ஷில் எழுதினேன். திரையை முறைத்தபடி உட்கார்ந்ததில் சாயா ஆறிப்போனது.

எட்டரைக்குப் புதுசு உளற ஆரம்பித்தது. கூடை நிறையக் கரிமீன் இருக்க, தீர்ந்துவிட்டது என்றது! ஒரே வரியை மாற்றி எல்லாரையும் பழசுக்கே திருப்பினேன். முழுசாக ஏற்றியிருந்தால் அன்றைய வியாபாரமே போச்சு. பதினோரு மணிக்கு சேட்டன் போன்.

"மோளே, கரிமீன் மொத்தமும் வித்துப் போச்சு, ஒருத்தரும் திட்டல. அடுத்த மாசமும் நீங்களே பாருங்க. ஆனா உண்மையச் சொல்லு, ஆப்ப நிறுத்திட்டு நீயே போன்ல ஆர்டர் எடுத்தியா?"

மொத்தத்தில், கெட்டால் மன்னிப்பும் ஓடினால் விளக்கமும் சொல்வதுதான் எங்கள் உத்தியோகம், ஆனாலும் நான் இதை விடுவதாக இல்லை.