அடிக்காத இடம்

சனிக்கிழமைதோறும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலேறிக் கிள்ளானுக்குப் போய், ஒரு தமிழ்ப்பள்ளியின் மேளக் குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அடிக்கப் பழக்குவது பெரிய காரியமில்லை. குச்சியைக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் அடிக்கும். அடிக்காமல் இருக்கப் பழக்குவதில்தான் என் உயிர் போகிறது. வாசிப்பின் நடுவே நான்கு தட்டு நேரம் எல்லோரும் நிறுத்தி, ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு, மறுபடி ஒன்றாகத் தொடங்க வேண்டும். அந்த ஓர் இடத்துக்காக மாதக்கணக்கில் கத்தினேன்.

பள்ளி ஆண்டுவிழாவில் அந்த இடம் வந்தது. அத்தனை குச்சிகளும் அந்தரத்தில் நின்றன. எனக்குப் புல்லரித்தது. அதற்குள் அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்து, "பலத்த கைதட்டல் கொடுங்க!" என்றார். அந்த மைக்கைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். மண்டபமே தட்டியது. முடிந்துவிட்டதென்று நினைத்த பிள்ளைகள் கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டார்கள். மீதிப் பாதியை யாருமே கேட்கவில்லை.

மேடைக்குப் பின்னால் தலைமையாசிரியை சிரித்தபடி வந்தார். "சூப்பர் லா சார்! இழுக்காம டக்குன்னு முடிச்சிட்டீங்க. அடுத்த வருசமும் இவ்ளோ போதும் சார்."

என்னைச் சுற்றி நின்ற பிள்ளைகள் அதற்கும் கைதட்டினார்கள்.