மீன் மாட்டிய பிறகு திரும்பாத படகு

கையைத் தூக்கிக் காட்டியவர் வந்து சேருவார் என்று நம்பினேன். நடுக்கடலில் ஜட்டியோடு நின்று, அவிழ்த்த வேட்டியைத் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டிருந்தவன் அப்படி நம்பியதை மன்னிக்கலாம். கரைக்கு வந்து, வேட்டியைக் கட்டிக்கொண்டு, விருத்தாசலத்தில் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டே மேலும் சில வருடங்கள் அவருக்காகப் பரிந்து பேசினேனே, அதைத்தான் மன்னிக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பீங்கான் யூனிட்டில் சூளையை விட்டு இறங்கும் வாஷ்பேசின்களில் பாதி அந்த டீலரின் கடைக்குத்தான், பாண்டிச்சேரிக்குப் போகும். சரக்குப் பார்க்க வருகிறவர் என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடிப்பார். என்னுடைய மட்டமான ஜோக்குகளுக்கெல்லாம் வயிறு குலுங்கச் சிரிப்பார். ஜோக்குக்குச் சிரிக்கிறவனை நல்லவன் என்று எடுத்துக்கொள்வது என் பிறவிக் கோளாறு. அவரும் கூட்டாளி ஒருவரும் சேர்ந்து இரண்டு வேகப் படகுகள் வாங்கியிருந்தார்கள். வலையும் கிடையாது, வியாபாரமும் கிடையாது. பெரிய மீனாகப் பார்த்துத் தூண்டிலில் பிடித்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்வதுதான் அந்த விளையாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் என் மச்சானையும் கூப்பிட்டார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அதே யூனிட்டில் மண் பகுதியில் வேலை. பிசைந்து வரும் களிமண்ணை மெல்லிய கம்பியால் கட்டி கட்டியாக அறுத்துப் போடுவார். கம்பியின் முனைகளை விரல்களில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டு அவர் இழுத்தால், மண் சத்தமே இல்லாமல் பிளந்து நிற்கும். எங்கள் ஊர் மாசிமகத் தீர்த்தவாரி மணிமுத்தாற்றிலேயே முடிந்துவிடுவதால் கடலோடு அவருக்கு வேலையே இருந்ததில்லை.

கடலூரில் படகேறும் முன் டீலர் விதிகளைச் சொன்னார்.

"மீனு மாட்டிடுச்சின்னா படகு அதும் பின்னாலதாங்க போவணும். நடுவுல வேற எதுக்கும் திரும்பக் கூடாது."

"சம்சாரம் கூப்புட்டாக்கூடவா?" என்றேன்.

"அதுக்குத்தாங்க கடலுக்கே வர்றது!"

எல்லாரும் சிரித்தோம். அதிகமாகச் சிரித்தவன் நான்.

ஒரு படகில் டீலரும் அவருடைய டிரைவரும். இன்னொன்றில் நானும் மச்சானும், எங்களுக்கென்று ஒரு டிரைவர். படகின் நடுவே சலூன் நாற்காலி மாதிரி ஒன்று இருந்தது. அதில் என்னை உட்கார வைத்து, கையில் தூண்டில் ராடைக் கொடுத்து, இடுப்பில் பெல்ட்டை மாட்டினார்கள். செத்தால் உடம்பு தனியாக மிதந்து போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. கரை மறைந்ததும் எங்கள் ஊர்ப் பழமலைநாதரிடமும் கொளஞ்சியப்பரிடமும் தனித்தனியாக வேண்டிக்கொண்டேன், ஒருவரிடம் சொன்னது மற்றவருக்குத் தெரியாமல்.

மீன் எனக்குத்தான் மாட்டியது. மயில்மீன். முதுகுத் தோகையை விரித்துக்கொண்டு நீலமாகத் தண்ணீருக்கு மேல் எழும்பியது. "அய்யோ, என்ன இழுக்குது!" என்று அலறினேன்.

"நீதான மாப்ள அத்த இழுக்கணும்!" என்றார் மச்சான் சிரித்தபடி.

எப்படியோ ராடின் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி மீனைப் படகோரம் கொண்டுவந்துவிட்டேன். "கம்பியப் புடிச்சிக்குங்கண்ணே!" என்று டிரைவர் மச்சானிடம் கத்தினார். தூண்டில் முள்ளை ஒட்டியிருக்கும் கம்பியை அந்த நேரத்தில் கையால் பிடிக்க வேண்டும். அதற்கென்றே தடித்த தோல் கையுறை உண்டு. இருந்த இரண்டு ஜோடியும் டீலரின் படகில் இருந்தன. கம்பி என்ற சொல்லைக் கேட்டதும் மச்சானின் கைகள் தாமாகவே தமக்குப் பழகிய வேலையைச் செய்தன. விரல்களில் இரண்டு சுற்று. மீன் தலையைத் திருப்பிக் கீழே பாய்ந்தது.

டிரைவர் ஓடிவந்து கட்டிங் பிளேயரால் கம்பியை வெட்டினார். மீன் போய்விட்டது. மச்சானின் வலது கையில் இரண்டு விரல்கள் எலும்பு தெரியப் பிளந்திருந்தன. கரைக்குத் திரும்பலாம் என்றால் எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு அடங்கிப்போனது. அடிபட்டவர் சும்மா இருந்தார், கத்தியதெல்லாம் நான். பெல்ட்டைக் கழற்றத் தெரியாமல் நாற்காலியோடு எழுந்திருக்கப் பார்த்தேன். மச்சான்தான் பல்லைக் கடித்துக்கொண்டு வந்து இடது கையால் என் பெல்ட்டைக் கழற்றிவிட்டார்.

சற்றுத் தள்ளி டீலரின் படகு. அவருக்கும் ஒரு மீன் மாட்டியிருந்தது. துண்டு மச்சானின் கையைச் சுற்றியிருந்ததால் வேட்டியை அவிழ்த்து வீசினேன். டீலர் எங்கள் பக்கம் திரும்பிக் கையைத் தூக்கினார்.

"பாத்துட்டாரு மச்சான், வந்துடுவாரு."

"மொதல்ல வேட்டியக் கட்டு மாப்ள. வர்றவங்க இன்னா நெனப்பாங்க."

அவர் படகு மீனின் பின்னால் போய்ப் போய்ப் புள்ளியானது. வெயில் சாய்ந்த பிறகு, கரைக்குத் திரும்பிய விசைப்படகு ஒன்று கயிறு போட்டு எங்களை இழுத்து வந்தது. "இவ்ளோ ரத்தம் போற வரைக்கும் இன்னாய்யா பண்ணீங்க?" என்று தையல் போட்ட டாக்டர் என்னைத் திட்டினார். அந்த இரண்டு விரல்களும் பிறகு மடங்கவே இல்லை. கம்பி பிடிக்க முடியாதவரை யூனிட்டில் கேட் காவலுக்கு மாற்றினார்கள்.

அடுத்த வாரம் டீலர் சாத்துக்குடியோடு வந்தார். தொங்கும் மயில்மீனுக்குப் பக்கத்தில் அவர் நிற்கும் போட்டோவும் கொண்டுவந்தார், கண்ணாடிச் சட்டம் போட்டு. "நீங்க வேட்டிய வீசுனதும், நம்ம மீனப் பாத்துக் குஷியாயிட்டீங்கன்னு நெனச்சிட்டேங்க" என்றார். நம்பினேன். நம்பியதோடு விட்டேனா? போகிற கல்யாணத்திலெல்லாம் துண்டைச் சுழற்றி நடித்துக் காட்டினேன். சபை சிரித்தது. அந்த ஆளுக்காக ஊர் முழுக்கக் கூலி வாங்காமல் சாட்சி சொல்லியிருக்கிறேன். நினைத்தால் இன்றைக்கும் எரிகிறது.

டீலரின் லாரிக்கு மச்சான் இடது கையால் கேட்டைத் திறந்துவிடுவார். ஒரே ஒரு முறை மட்டும் சொன்னார்: "அவருக்கு நல்ல கண்ணு மாப்ள. பேசின்ல மயிரு கணக்கா கீறல் இருந்தாலும் லாரிய வுட்டு எறங்காமயே சொல்லிடுவாரு." புகழ்கிறார் என்று எடுத்துக்கொண்டு, நானும் ஆமாம் போட்டேன்.

டீலரின் படகை ஓட்டிய டிரைவர் வேலையை விட்ட பிறகு, ஒரு நாள் விருத்தாசலம் ஜங்ஷனில் ரயிலுக்குக் காத்திருந்தார். நானாகப் போய்ப் பேச்சுக் கொடுத்து, அதே வேட்டி ஜோக்கை ஆரம்பித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பைனாகுலர் வச்சிப் பாத்தாருங்க. ரத்தமாட்டம் இருக்குதுன்னு நாந்தான் சொன்னேன். 'தெரியுது, மீனு மாட்டியிருக்குதில்ல, படக நேரா வுடு'ன்னாரு."

"கையத் தூக்குனாரே?"

"இருங்கன்னு காட்டுனாருங்க."

மீனை ஏற்றிய பிறகாவது எங்களைத் தேடினார்களா என்று கேட்டேன். தேடவில்லை. நேராகத் துறைமுகத்துக்குப் போயிருக்கிறார்கள். செத்தால் மயில்மீனின் நீலம் சீக்கிரம் மங்கிவிடுமாம். அதற்குள் போட்டோ எடுக்க வேண்டியிருந்தது.