மகாராஜா ரோல்ஸ்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு சனிக்கிழமை, கொலோன் கடைத்தெருவில் அந்தத் தள்ளுவண்டியைப் பார்த்தேன். "மகாராஜாவின் இந்திய ரோல்ஸ்" என்று ஜெர்மனில் எழுதியிருந்தது. உருட்டிய ரோல்ஸை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தவர் தலையில் சரிகைத் தலைப்பாகை. முகத்தைப் பார்த்ததுமே எங்கள் யாழ்ப்பாணத்து ஆள் என்று தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஒரு ஜெர்மன்காரி காசு வாங்கிக்கொண்டு நின்றாள். அவள் முதலாளி, இவர் கூலி என்று நினைத்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒன்று வாங்கிக் கடித்தேன். உள்ளே ஜெர்மன் சொசேஜ். ஆனால் தூள், எங்கள் வீடுகளில் வறுத்து இடிக்கிற அதே யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள். அருமையான ருசி. அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது.

"ஒரு மனிதனுக்குக் கோமாளி வேஷம் போட்டுப் பிழைக்க வெட்கமாக இல்லையா?" என்று அவளிடம் ஜெர்மனில் கத்தினேன். அவள் பயந்துபோய் அவரைப் பார்த்தாள்.

அவர் கரண்டியை டக்கென்று வைத்தார். "தங்கச்சி, அவவை ஏன் பேசுறியள்? வண்டி என்ர. அவ என்னட்டச் சம்பளத்துக்கு நிக்கிறா. தலைப்பாவும் நான்தான் வாங்கினது."

"ஏன் அண்ணை, யாழ்ப்பாணம் எண்டு எழுத ஏலாதோ?"

"எழுதினனான். அது எங்க, ஏன் சண்டை, ஆரைப் பறிகுடுத்தனீங்கள் எண்டு ஒவ்வொருத்தரும் கேக்கினம். அகதி விசாரணையில ஒருக்காச் சொன்னது காணும். ரோல்ஸ் விக்கிற இடத்திலயும் நிண்டு அழ ஏலாது."

அப்போது எனக்குப் பின்னால் நின்ற ஜெர்மன் முதியவர் அன்பாகச் சிரித்து, "நீங்கள் எந்த நாடு?" என்று கேட்டார். கையில் ரோல்ஸ் இன்னும் சூடாக இருந்தது. போரில் போன என் தம்பியின் முகம் வந்து நின்றது.

"இந்தியா" என்றேன்.

அந்தத் தலைப்பாகை மீது இப்போது எனக்குக் கோபமில்லை. அந்தக் கேள்வி மீதுதான், இன்றுவரை.