ஒற்றைக்கால் சிறுத்தை

பள்ளிக்கூடப் பேருந்து சரணாலயத்துக்குள் நுழைவதற்கு முன்பே அவளுக்கு ஒரு திருட்டு வேலை உண்டு. ரப்பர் அச்சைக் கொண்டுபோய்க் குளத்தங்கரைச் சேற்றில் சிறுத்தைத் தடங்களை வரிசையாகப் பதித்துவிட்டு வந்துவிடுவாள். பிள்ளைகளுக்குத் தடம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதுதான் அவள் உத்தியோகம். நிஜச் சிறுத்தையை நம்பினால் பாடம் நடக்காது. அது மலையை விட்டு இறங்கினால்தானே.

அச்சு வாங்கிய புதிதில், வீட்டில் பிசைந்து வைத்த மாவில்தான் குத்திப் பழகினாள். "அடுத்து என் முதுகுலயா?" என்றான் கணவன்.

அவளிடம் இருந்தது வலது முன்காலின் அச்சு மட்டும். ஆகவே அவளுடைய சிறுத்தை இத்தனை வருடமும் நொண்டியடித்தே தண்ணீர் குடிக்கப் போனது. கூட வந்த ஆசிரியர்கள் கண்ணில்கூட அந்த நொண்டல் படவில்லை.

நேற்று ஒரு பொக்கைவாய்ச் சிறுமி தடங்களை உற்றுப் பார்த்தாள்.

"அக்கா, இதெல்லாம் நீங்க வெச்சதுதானே? எல்லாம் ஒரே கால்."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாட்டிக்கிட்டேன் கண்ணு."

"அப்போ இதுல மட்டும் ஏன் இடது காலும் இருக்கு?"

அவள் குனிந்து பார்த்தாள். காலையில் அவள் பதித்த தடங்களை மிதித்துக்கொண்டு, நான்கு கால்கள் தண்ணீர்வரை போயிருந்தன.

பாடத்தை அங்கேயே நிறுத்தினாள். "யாரும் ஓடக்கூடாது. சத்தம் போடாம பஸ்ஸுக்கு நடங்க."

கதவைச் சாத்தியதும் சிறுமி கேட்டாள். "அது எதுக்குக்கா வந்துச்சு?"

"இத்தனை வருஷமா ஒத்தக் கால்லயே நடக்கறவன் யாருன்னு பாக்க வந்திருக்கும்" என்றாள் அவள், வாயெல்லாம் பல்லாக.